கல் ஈக்களின் வகைப்பாட்டு வரலாறு: அடையாளக் கூறுகளின் வளர்ச்சியும் இழப்பின் பதிவும்

ஆய்வுச்சுருக்கம்

கல் ஈக்கள் ஓடும் நன்னீரில் இளமைப் பருவத்தைக் கழிக்கும் பூச்சிகள். பிளெக்கோப்டெரா என்னும் தனி வரிசையில் வைக்கப்படும் இவற்றில் இன்று 3,500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றை வேறுபடுத்தி அறிய ஆய்வாளர்கள் முதலில் சிறகையும், பின்னர்ச் செவுள், இனப்பெருக்க உறுப்பு, இளவுயிரி, முட்டை, மரபணு ஆகியவற்றையும் நாடினர். இந்த மாற்றங்களை வரலாற்று முறையில் விளக்கும் இக்கட்டுரை, ஒரு சிற்றினத்தைச் சரியாக அடையாளம் காணாதவரை அதன் அழிவையும் அறிய இயலாது என்பதை இல்லினாய் மாநில ஆய்வின் துணைகொண்டு நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கல் ஈ, வகைப்பாட்டியல், வகைமாதிரி, இளவுயிரி, நியோபெர்லா, நீர்த்தரம்.

முன்னுரை

உயிரினங்களுக்குப் பெயரிடுதல் வெறும் பட்டியலிடும் பணி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அறிவியல் வரலாறு இதற்கு மாறான செய்தியைத் தருகிறது. இரண்டு உயிர்களை ஒன்றெனக் கொள்வதும் இருவேறு சிற்றினங்களெனக் கொள்வதும், ஆய்வாளர் அவ்வுடலில் எந்தக் கூறினை நோக்கினார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. நோக்கும் கூறு மாறும்போது சிற்றினங்களின் எண்ணிக்கையும் உறவுமுறையும் மாறுகின்றன. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் பூச்சிக் குழுக்களுள் கல் ஈக்கள் குறிப்பிடத்தக்கவை. தோற்றத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதும், வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில் வேறொரு வடிவில் கழிப்பதும் இவற்றை அடையாளம் காண்பதை அரிதாக்குகின்றன. அதே வேளையில், தூய நீரின் அளவுகோலாக இவை கொள்ளப்படுவதால், அடையாளத்தில் நேரும் பிழை ஆறுகளைப் பற்றிய முடிவுகளையும் பாதிக்கிறது.

உடலமைப்பும் வாழ்க்கை முறையும்

பெயரில் ஈ என்னும் சொல் இருப்பினும், வீட்டு ஈ சார்ந்த இருசிறகுப் பூச்சி வரிசைக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. முதிர்ந்த கல் ஈக்கு நான்கு சிறகுகள் உண்டு. ஓய்வு நிலையில் பின்சிறகின் அகன்ற பகுதி விசிறிபோல் மடிந்து முன்சிறகின் கீழ் அடங்கும். சிறகுகள் முதுகின்மேல் தட்டையாகப் படியும். சில பேரினங்களில் உடலைச் சுற்றி உருண்டும் அமையும்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி நீரோடைக் கற்களின் அடியிலும் சருகுக் குவியல்களிலும் வாழ்கிறது. கூட்டுப்புழுப் பருவம் இதற்கில்லை. பலமுறை தோலுரித்து வளர்ந்த பின் கரையேறி, கல்லிலோ மரத்திலோ பற்றிக்கொண்டு இறுதித் தோலை நீக்கி முதிர்ந்த பூச்சியாகிறது. நீரடி வாழ்க்கை சிலவற்றில் ஓராண்டும் சிலவற்றில் அதற்கு மேலும் நீளும். முதிர்ந்த பூச்சி சில வாரங்களே வாழ்கிறது.

களத்தில் இவ்விளவுயிரியை மேஃபிளை இளவுயிரியோடு மயங்குவது இயல்பு. கல் ஈயின் பாதம் ஒவ்வொன்றும் இரண்டு நகங்களில் முடியும். மேஃபிளை இளவுயிரிக்கு ஒரு நகமே உண்டு. கல் ஈக்கு வாலிழைகள் இரண்டு. மேஃபிளைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று. வரிசையை அறிவது இவ்வாறு எளிது. வரிசைக்குள் சிற்றினத்தை அறிவதே அரிய செயல்.

பெயரிடலின் தொடக்கம்

கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டெமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் கல் ஈக்களுக்குத் தனியிடம் இல்லை. கூடுகட்டி வாழும் காடிஸ் பூச்சிகளோடு சேர்த்து இவற்றையும் ஃபிரைகானியா என்னும் ஒரே பேரினத்துள் அவர் வைத்தார். எனினும், அவற்றுள் ஒன்றுக்கு 'இருவால் உடையது' எனப் பொருள்படும் பைகாடேட்டா என்னும் பெயரை இட்டதிலிருந்து, வேறுபாட்டை அவர் கண்டிருந்தார் என்பது தெளிவாகிறது. கண்ட வேறுபாட்டுக்கு அவர் அளித்த மதிப்பே குறைவு.

அம்மதிப்பு படிப்படியாக உயர்ந்தது. பாரிஸ் நகரச் சுற்றுப்புறப் பூச்சிகளைப் பற்றி எழுதிய ஜெஃப்ருவா 1762இல் பெர்லா என்னும் பேரினத்தைப் பிரித்தார். லத்ரேய் 1796இல் நெமூரா என்னும் பேரினத்தை நிறுவினார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் புர்மெய்ஸ்டர் 1839இல் பிளெக்கோப்டெரா என்னும் பெயரை உருவாக்கினார். மடிப்பு அல்லது பின்னலையும் சிறகையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. லின்னேயஸ் ஒரு பேரினத்தின் பகுதியாகக் கண்ட பூச்சிகள் இவ்வாறு எண்பது ஆண்டுகளில் தமக்கென ஒரு பெயரைப் பெற்றன.

ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்சுவா ஜூல் பிக்டே 1841இல் தொடங்கி வெளியிட்ட பெர்லிடுகள் பற்றிய தனிநூல் அக்காலத்தின் மிக விரிவான முயற்சியாகும். முதிர்ந்த பூச்சிகளோடு நீரில் வாழும் இளவுயிரிகளையும் அவர் கருத்தில் கொண்டார். இரு வடிவங்களும் ஒரே உயிரின் இரு நிலைகள் என்பதால் இரண்டையும் இணைத்தே கற்க வேண்டும் என்னும் அணுகுமுறை அவரிடம் காணப்பட்டது. பின்வந்த பலர் அதனைத் தொடரவில்லை. அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ஊசியில் குத்தி உலர்த்தப்பட்ட முதிர்ந்த பூச்சிகளாகவே இருந்தமை இதற்கு ஒரு காரணம்.

சிறகு நரம்புகளும் செவுள்களும்

உலர்ந்த பூச்சியில் சிதையாமல் எஞ்சுவது சிறகு. ஆதலால் 19ஆம் நூற்றாண்டு வகைப்பாடு பெரிதும் சிறகு நரம்புகளையும் உடல் நிறத்தையும் சார்ந்திருந்தது. இவ்விரண்டும் நம்பத்தகாத சான்றுகள் என்பது பின்னரே புலப்பட்டது. ஒரே பூச்சியின் இடச்சிறகும் வலச்சிறகும்கூடக் குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கையில் வேறுபடுவதுண்டு. சில சிற்றினங்களில் ஆண்கள் குறுஞ்சிறகு உடையவை, சில சிறகற்றவை. நிறமோ பூச்சியின் வயதாலும் பாதுகாக்கப்பட்ட முறையாலும் மாறுவது.

மற்றொரு கூறினை ஆங்கிலேய உடற்கூற்றியலார் ஜார்ஜ் நியூபோர்ட் 1840களில் முன்வைத்தார். வட அமெரிக்காவின் பெரிய கல் ஈயாகிய டெரோனார்சிஸ், காற்றில் வாழும் முதிர்நிலையிலும் இளமைக்காலச் செவுள்களின் எச்சங்களைத் தாங்கியிருப்பதை அவர் கண்டறிந்தார். இதன் பயன் இருவகையில் அமைந்தது. செவுள் முதிர்நிலையிலும் எஞ்சுவதால், இளவுயிரியையும் முதிர்ந்த பூச்சியையும் இணைக்கும் பாலமாக அது பயன்பட்டது. செவுள் அமைந்த இடம் கழுத்தா, மார்பா, வயிறா என்பதும் குடும்பங்களைப் பிரிக்கும் அடையாளமாயிற்று.

இனப்பெருக்க உறுப்புகள்: கிளபாலெக்கும் அவருக்குப் பின்னும்

சிற்றின நிலையில் திருப்பம் விளைவித்தவர் செக் நாட்டு அறிஞர் ஃபிரான்டிசெக் கிளபாலெக் (1863–1919). கல் ஈக்களின் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்ந்து 1896இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள கொக்கிகளும் தகடுகளும் பெண் பூச்சியின் அடித்தகடும் சிற்றினத்துக்குச் சிற்றினம் உறுதியாக வேறுபடுவதைக் காட்டியது. ஆசியக் கல் ஈக்கள் பலவற்றுக்கும் அவர் பெயரிட்டார். அவர் திட்டமிட்ட பெருநூல் முற்றுப்பெறவில்லை. பெர்லிடே குடும்பம் பற்றிய பகுதி அவர் மறைவுக்குப் பின் 1923இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் நீடமும் பீட்டர் கிளாசனும் 1925இல் வட அமெரிக்கக் கல் ஈக்கள் பற்றிய தனிநூலை வெளியிட்டனர். பூச்சிகளின் சிறகு நரம்புகளுக்குப் பொதுப் பெயர்முறை வகுத்த இருவருள் ஒருவர் நீடம். அத்தகையவரின் நூலிலேயே இனப்பெருக்க உறுப்புகளின் வரைபடங்கள் சிற்றினங்களைப் பிரிக்கும் சான்றுகளாக இடம்பெற்றமை, சிறகின் தனியாட்சி முடிவுற்றதைக் காட்டுகிறது.

இம்மாற்றம் சேகரிப்பு முறையையும் மாற்றியது. மென்மையான வயிற்றுப் பகுதி உலரும்போது சுருங்கி உருவிழக்கும். ஆகவே, ஊசியில் குத்துவதைக் கைவிட்டு ஆல்கஹாலில் பாதுகாக்கும் வழக்கம் நிலைபெற்றது.

இளவுயிரியும் முதிர்ந்த பூச்சியும்: ஃபிரிசன், ஹைன்ஸ்

இனப்பெருக்க உறுப்பைச் சார்ந்த வகைப்பாட்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நீரில் ஆண்டு முழுதும் கிடைக்கும் இளவுயிரிக்கு அவ்வுறுப்பு முதிர்ந்திருப்பதில்லை. எனவே, பெயருடைய முதிர்ந்த பூச்சிகள் ஒருபுறமும் பெயரறியா இளவுயிரிகள் மறுபுறமுமாக அறிவு இருகூறாக நின்றது.

இவ்விடைவெளியைப் போக்கும் வழி வளர்ப்பு முறையாகும். சிறகு மொட்டுகள் கருத்த, இறுதிப் பருவ இளவுயிரியைப் பிடித்து, முதிர்ந்த பூச்சி வெளிவரும்வரை வைத்திருந்து, உரித்த தோலையும் வெளிவந்த பூச்சியையும் ஒரே குப்பியில் சேமிப்பதே அம்முறை. அப்போது தோலின் அடையாளங்கள் பூச்சியின் பெயரைப் பெறுகின்றன. இல்லினாய் இயற்கை வரலாற்று அளவாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தியோடர் ஃபிரிசன் இவ்வழியில் பெரும்பணி ஆற்றினார். குளிர்காலத்தில் பனியின்மேல் நடந்து திரியும் கல் ஈக்களைப் பற்றி 1929இலும், அம்மாநிலக் கல் ஈக்கள் அனைத்தையும் பற்றி 1935இலும் அவர் எழுதிய நூல்கள் இளவுயிரிக்கும் முதிர்ந்த பூச்சிக்கும் ஒருங்கே இடமளித்தன. அவரும் அவருடைய குழுவினரும் திரட்டிய மாதிரிகள் அந்நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டன.

பிரித்தானியாவில் எச். பி. என். ஹைன்ஸ் 1941இல் அந்நாட்டுக் கல் ஈ இளவுயிரிகளின் வகைப்பாட்டையும் சூழலியலையும் ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்டார். நன்னீர் உயிரியல் கழகம் 1958இல் வெளியிட்ட அவருடைய அடையாளத் திறவுகோல், முதிர்ந்த பூச்சி, இளவுயிரி ஆகிய இரண்டையும் சிற்றினம்வரை அறியச் செய்தது. இவரே பின்னர் மாசுபட்ட நீர்நிலைகளின் உயிரியல் பற்றி 1960இலும், ஓடும் நீரின் சூழலியல் பற்றி 1970இலும் அத்துறைக்கு அடித்தளமான நூல்களை எழுதினார். இளவுயிரியைப் பெயர்சொல்லி அழைக்கக் கற்றவர் ஆற்றின் நலத்தையும் படிக்கக் கற்றார் என்பது இவர் வாழ்வால் அறியப்படுவது.

பிரித்தானியாவில் வாழும் கல் ஈக்கள் முப்பதுக்குச் சற்றே மேற்பட்டவை. ஆதலால் அங்கு இது கைகூடியது. வட அமெரிக்காவில் நிலைமை வேறு. ஸ்டூவர்ட், ஸ்டார்க் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட இளவுயிரி நூல், தலைப்பிலேயே பேரினங்களை மட்டும் எல்லையாகக் கொண்டது. சிற்றினம்வரை செல்லும் அறிவு அப்போதும் முழுமையடையவில்லை.

உறவுமுறையும் கண்டங்களின் வரலாறும்

சிற்றினப் பெயர்கள் பெருகியபோது அவற்றை ஒழுங்குபடுத்தும் தேவை எழுந்தது. ஜெர்மனியின் ஜோவாகிம் இல்லீஸ் 1966இல் உலகக் கல் ஈக்களின் பட்டியலை வெளியிட்டார். பீட்டர் ட்ஸ்விக் 1973இல் மரபுவழி உறவின் அடிப்படையில் புதிய அமைப்பை வகுத்தார். இதன்படி கல் ஈக்கள் இரு துணைவரிசைகளாயின. தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய தென்னிலங்களில் மட்டும் வாழும் நான்கு குடும்பங்கள் அன்டார்க்டோபெர்லேரியா எனப்பட்டன. ஏனையவை ஆர்க்டோபெர்லேரியா எனப்பட்டன. பின்னதன் ஆண் பூச்சிகள் பல, வயிற்றால் தரையைத் தட்டி ஒலியெழுப்பித் துணையை அழைக்கின்றன. அத்தட்டலின் தாளமும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுபடுவதால், நடத்தையும் ஓர் அடையாளக் கூறாயிற்று.

கல் ஈக்கள் பெரும்பாலும் வலிமையற்ற பறப்பினை உடையவை. கடலைக் கடக்க வல்லவை அல்ல. ஆகவே, இன்று கடலால் பிரிந்த தென்னிலங்களில் உறவுடைய குடும்பங்கள் வாழ்வது, அந்நிலங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தமைக்குப் பொருந்தும் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நியோபெர்லா: ஒரு பெயருக்குள் பல சிற்றினங்கள்

இனப்பெருக்க உறுப்பின் புறத்தோற்றமும் போதாது என்பதை நியோபெர்லா பேரினம் உணர்த்தியது. நியூமன் 1839இல் பெயரிட்ட கிளைமெனே என்னும் சிற்றினமே வட அமெரிக்காவில் பரந்து வாழும் ஒரே நியோபெர்லா என நெடுங்காலம் கருதப்பட்டது. ஸ்டார்க், பவ்மன் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. ஆண் பூச்சியின் வயிற்றினுள் உள்ளிழுக்கப்பட்டிருக்கும் சவ்வுறுப்பை மென்மையாக்கி வெளிக்கொணர்ந்து நோக்கினால், அதன்மேல் அமைந்த நுண்முட்களின் அடுக்கு வேறுபடுவது தெரியவந்தது. முட்டையோட்டின் மேற்பரப்பு அமைப்பும் அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் இவ்வேறுபாடுகளை உறுதிசெய்ய உதவியது. ஒன்றெனக் கருதப்பட்டது இன்று பத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களாக அறியப்படுகிறது.

இதன் விளைவு பெயர்ப்பட்டியலோடு நிற்கவில்லை. கிளைமெனே என்று அதுவரை எழுதப்பட்ட பதிவுகள் அனைத்தும் ஐயத்துக்கு உரியவையாயின. மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்தால் மீண்டும் திறந்து நோக்கித் திருத்த முடிந்தது. பெயர் மட்டும் எழுதப்பட்டு மாதிரி எறியப்பட்டிருந்தால், அப்பதிவு எந்தச் சிற்றினத்தைக் குறித்தது என அறிய வழியில்லாமற் போயிற்று.

இப்பேரினம் ஆசியாவிலும் பரந்து வாழ்கிறது. தென்னிந்திய நியோபெர்லாக்களைப் பற்றி ட்ஸ்விக் 1981இல் தனிக்கட்டுரை வெளியிட்டார். அங்கும் ஆண் பூச்சியின் உள்ளுறுப்பே சிற்றினத்தை உறுதிசெய்யும் முதன்மைச் சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் கல்லைப் புரட்டிக் காணும் இளவுயிரிகள் பெரும்பாலும் பேரினப் பெயரோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

நீர்த்தர மதிப்பீட்டில் குடும்ப நிலை

கல் ஈ இளவுயிரிகள் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரை வேண்டுபவை. கழிவுநீர் கலந்து உயிர்வளி குறையும்போது முதலில் மறைபவற்றுள் இவையும் அடங்கும். இப்பண்பைப் பயன்படுத்திப் பிரித்தானியாவில் உயிரியல் கண்காணிப்புச் செயற்குழு வகுத்த மதிப்பெண் முறை, பெர்லிடே உள்ளிட்ட கல் ஈக் குடும்பங்கள் பலவற்றுக்கு உச்ச மதிப்பாகிய 10ஐயும், நெமூரிடே குடும்பத்துக்கு 7ஐயும் அளித்தது. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்பற்றும் உயிரியல் மதிப்பீடும் இம்முறையைத் தழுவியதே.

சிற்றினத்தை அறியாத பணியாளரும் குடும்பத்தை அறிய முடியும் என்பது இம்முறையின் வலிமை. அதுவே அதன் எல்லையும் ஆகும். ஓர் ஆற்றில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பத்துச் சிற்றினங்கள் வாழ்ந்து, ஒன்பது மறைந்து, ஒன்று எஞ்சினாலும் குடும்பம் இருப்பதாகவே பதியப்படும், மதிப்பெண் குறையாது. மாசினை அறிய இம்முறை போதுமானது. மறைந்த சிற்றினங்களைக் கணக்கிட இது போதாது.

இல்லினாய்: இழப்பு கணக்கிடப்பட்ட இடம்

மேற்கூறிய வேறுபாட்டின் பொருளை 2005இல் டிவால்ட், ஃபாவ்ரெட், வெப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வெளிப்படுத்தியது. ஃபிரிசன் காலத்துத் தொகுப்பு முதலான அருங்காட்சியக மாதிரிகளை மீண்டும் அடையாளம் கண்டு, அவற்றைப் புதிய கள ஆய்வோடு அவர்கள் ஒப்பிட்டனர். இல்லினாயில் வாழ்ந்ததாக உறுதிசெய்யப்பட்ட சிற்றினங்கள் 77. அவற்றுள் 20 அம்மாநிலத்திலிருந்து மறைந்துவிட்டன. மேலும் இரண்டு உலகிலேயே இல்லாமற் போயின என அவர்கள் மதிப்பிட்டனர். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இழப்பு இது. புல்வெளிகள் உழவு நிலங்களாக மாறிய சமவெளிகளிலும் பேராறுகளிலும் இழப்பு மிகுந்திருந்தது.

அழிந்தவையாகக் கொள்ளப்பட்டவற்றுள் அல்லோபெர்லா ராபர்ட்டி என்பது தனித்துக் கருதத்தக்கது. 1860ஆம் ஆண்டளவில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 1981இல் சர்டிக் அதற்குப் பெயரிட்டார். பெயர் பெறுவதற்கு முன்பே அவ்வுயிர் கண்ணில் படாது போய்விட்டது. மாதிரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காக்கப்படாதிருந்தால், அப்படியொரு சிற்றினம் வாழ்ந்தது என்பதும் மறைந்தது என்பதும் ஒருசேர அறியப்படாமலேயே இருந்திருக்கும்.

ஒப்பீட்டுக்கு உரிய பழைய மாதிரிகள் இல்லாத நிலங்களில் இத்தகைய கணக்கினை எடுக்க இயலாது. அங்கு இழப்பு நிகழவில்லை என்பது இதன் பொருளன்று. நிகழ்ந்ததா என அறியும் வாயில் அடைபட்டுள்ளது என்பதே பொருள்.

மரபணுக் குறியீடும் அதன் அடித்தளமும்

உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சிறு பகுதியைக் கொண்டு சிற்றினங்களை அறியும் முறையை ஹெபர்ட்டும் அவர் குழுவினரும் 2003இல் முன்மொழிந்தனர். இளவுயிரியின் ஒரு காலைக்கொண்டே அதன் பெயரை அறியலாம் என்பதால், ஃபிரிசன் வளர்ப்பு முறையால் இணைத்ததை இம்முறை விரைவாக இணைக்கிறது.

எனினும், மரபணுக் குறி தானே பெயரைச் சொல்வதில்லை. பெயர் முன்பே உறுதிசெய்யப்பட்ட ஒரு மாதிரியின் குறியோடு ஒப்பிட்டே அது விடையளிக்கிறது. அம்மாதிரியின் பெயர் பிழையாயின் விடையும் பிழையாகும். ஒப்பிட மாதிரியே இல்லையெனில் பெயரற்ற குறியே எஞ்சும். எனவே, புதிய முறை பழைய வகைப்பாட்டியலின்மேல் எழுந்து நிற்பது. அதற்கு மாற்றாக நிற்பதன்று.

களப்பணியின் தேவையும் குறையவில்லை. பிரித்தானியாவில் ஐசோஜீனஸ் நுபெகுலா என்னும் கல் ஈ 1995க்குப் பின் காணப்படாமையால் அங்கு அற்றுப்போனதாக அஞ்சப்பட்டது. 2017இல் டீ ஆற்றில் ஜான் டேவி-பௌக்கர் அதனை மீண்டும் கண்டெடுத்தார். ஒரு சிற்றினத்தை அதன் உறவினங்களிலிருந்து பிரித்தறியும் கண் இருந்தமையாலேயே இம்மீட்பு நிகழ்ந்தது.

முடிவுரை

கல் ஈக்களின் வகைப்பாட்டு வரலாறு, ஒரு கூறு வீழ்ந்து மற்றொரு கூறு அரியணை ஏறிய கதையன்று. சிறகு குடும்பத்தையும் பேரினத்தையும் அறிய இன்றும் உதவுகிறது. செவுள் இளவுயிரியையும் முதிர்ந்த பூச்சியையும் இணைக்கிறது. உள்ளுறுப்பும் முட்டையும் சிற்றினத்தைப் பிரிக்கின்றன. மரபணு அவற்றைச் சரிபார்க்கிறது. முந்தைய முடிவுகளைத் திருத்தும் வாய்ப்பினை ஒவ்வொரு கட்டத்திலும் அளித்தது பாதுகாக்கப்பட்ட மாதிரியே ஆகும்.

இதனின்று பெறப்படும் முடிவு நடைமுறை சார்ந்தது. நீர்த்தர ஆய்வுக்கென ஓடைகளிலிருந்து எடுக்கப்படும் இளவுயிரிகள், குடும்பப் பெயர் குறித்தபின் எறியப்படாமல் இடமும் நாளும் எழுதிக் காக்கப்படல் வேண்டும். இன்று பேரினத்தோடு நின்றுபோகும் ஒரு மாதிரி, அதன் சிற்றினத்தை அறியும் ஒருவர் வரும்வரை ஆல்கஹாலில் காத்திருக்க வல்லது. ராபர்ட்டி அவ்வாறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. அது வாழ்ந்த ஆறு அவ்வாறு காக்கப்படவில்லை.